பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்

என்னுடைய வேலையை ஊரில் யாரும் அதன் முழுப் பெயரால் சொல்வதில்லை. நியமனக் கடிதத்தில் டெங்குக் கட்டுப்பாட்டுக் கள உதவியாளர் என்று இருக்கிறது. சனங்களுக்கு நான் ‘நுளம்பு மிஸ்’. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்கி நிற்கிற இடங்களைத் தேடி, டோர்ச் அடித்துப் பார்த்து, புழு நெளிந்தால் அதைச் சின்னப் போத்தலில் எடுத்து வீட்டுக்காரருக்குக் காட்டி, அங்கேயே கவிழ்த்து ஊற்றச் செய்வதுதான் வேலை. பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற தை, மாசி மாதங்களில் எங்கள் பக்கத்தில் காய்ச்சல் கூடும். அந்த நாட்களில் காலை ஏழரைக்கு வீட்டை விட்டு இறங்கினால் பொழுது சாயும்போதுதான் செருப்பைக் கழற்றுவேன்.

நான் சொல்லப் போகிற வருடம் மழை தாராளமாகப் பெய்திருந்தது. வாவி நிரம்பி, கரையோர வேலிகளுக்குள் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. எங்கள் வீடு வாவிக்கும் பெருந்தெருவுக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிறது. ஒழுங்கையின் ஒரு பாதியில் எங்கள் தமிழ் ஆட்கள். மறுபாதி காத்தான்குடியோடு சேர்ந்தது, அங்கே முஸ்லிம் குடும்பங்கள். நடுவில் கோடு ஒன்றும் கிடையாது. ஆனாலும் எந்த வீட்டோடு ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தின் கடைசி வீடு என்னுடையது. அடுத்தது மறுபக்கத்தின் முதல் வீடு. அதில் இருப்பவரை, முஸ்லிம் அக்காமாரைக் கூப்பிடுவதுபோல், நானும் ராத்தா என்றே கூப்பிடுவேன்.

ராத்தா வீட்டிலேயே இனிப்புப் பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். ஐம்பது வயதிருக்கும். கணவர் மவுத்தாகிப் பல வருடம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து, மருமகன் கட்டாரில் வேலைக்குப் போனதால் மகளைத் தன்னோடு வைத்திருந்தார். சீனிப் பாணியும் தேங்காய்ப் பாலும் எப்போதும் கொதிக்கிற வீட்டில் எறும்புக்குக் குறைவிருக்காது. அதனால் பலகாரம் அடுக்கி வைக்கும் மேசையின் நான்கு காலுக்கும் கீழே நான்கு கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார். முந்தின வருடம் நான் எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு அந்த வீட்டுக்குப் போனபோது இரண்டு கிண்ணத்தில் புழு இருந்தது. கண்டது நான். சிவப்பு அறிவித்தல் எழுதியது பரிசோதகர். அந்தக் காலத்தில் அறிவித்தலை வாசல் படலையில் ஒட்டிவிடுவோம், தெருவில் போகிறவர்கள் பார்த்தாவது தங்கள் வீட்டைத் துப்புரவாக்கட்டும் என்று. பலகாரம் செய்கிற வீட்டுப் படலையில் சுகாதாரப் பகுதியின் சிவப்புக் கடதாசி ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் ஒட்டித்தான் இருப்பேன். அன்றிலிருந்து ராத்தா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போடும்போது என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

என் கணவர் மேசன். அந்தத் தை மாதம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வயல்காரருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய், பொழுது படுகிற நேரம் திரும்புவார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியமே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசல் கதிரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார். இடுப்பை யாரோ உலக்கையால் அடித்தது போல் இருக்கிறது என்றார். ஆயிரம் வீட்டு வாசலில் நின்று நான் சனங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அடையாளங்களை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னார்.

“டெங்குவா இருக்கும் போல கிடக்கு,” என்றேன்.

“நெடுக நுளம்பையே நினைச்சிட்டு இருந்தா உனக்கு எல்லாக் காய்ச்சலும் டெங்குதான் புள்ள,” என்றார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது.

பரசிற்றமோல் மட்டும் கொடுத்தேன். வலிக்குக் கடையில் விற்கிற மற்ற மாத்திரை எதையும் தொட விடவில்லை. இளநீரும் கஞ்சியும் மாறி மாறிக் குடிக்க வைத்தேன். மூன்றாம் நாள், வியாழக்கிழமை, இரத்தம் சோதித்தோம். பிளேட்லெட் என்கிற குருதிச் சிறுதட்டுகள் இறங்கத் தொடங்கியிருந்தன. அன்று மத்தியானமே பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

ஆண்கள் விடுதியில் கட்டில் எல்லாம் நிரம்பி, நடைபாதையிலும் கட்டில் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே நுளம்பு வலை. அந்த வலைகளை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், வேலை விஷயமாக. டெங்குக்காரரை நுளம்பு கடித்தால் அந்த நுளம்பு மற்றவருக்குக் கொண்டுபோகும், அதனால்தான் வலை என்று சனங்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். உள்ளே என் ஆள் படுத்திருந்தபோது அது வேறு மாதிரித் தெரிந்தது. மெல்லிய துணிக்குள் அவர் முகம் தூரத்தில் இருப்பது போல் மங்கிக் கிடந்தது.

எங்கே கடித்திருக்கும் என்று விடுதி மருத்துவர் கேட்டபோது நான் தயங்கவே இல்லை. வேலைத்தளத்தில்தான் என்றேன். கட்டுகிற வீடு, சீமெந்து குழைக்கத் தண்ணீர் பிடித்து வைத்த பரல், மழை விட்ட நேரம், வேறு என்ன வேண்டும். அதோடு நிற்கவில்லை. எங்கள் பரிசோதகருக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்களுக்கு அறிவித்து அந்த வளவைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் உடனேயே போயிருக்கிறார்கள். வயல்காரர் பரல்களை எல்லாம் தகரம் போட்டு மூடி, மேலே கல்லும் வைத்திருந்தாராம். வளவில் ஒரு சிரட்டையில்கூடத் தண்ணீர் இல்லையாம். அந்தச் செய்தி எனக்கு வந்தபோது, சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, கஞ்சி காய்ச்சி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். படலையில் பரிசோதகரும் என்னோடு வேலை செய்கிற இன்னொரு பெண்ணும் நின்றார்கள். டெங்கு என்று ஆஸ்பத்திரியிலிருந்து அறிவித்தல் வந்தால் நோயாளியின் வீட்டையும் சுற்று வட்டாரத்தையும் பார்க்க வேண்டும். அது எங்கள் வழமை. இந்தத் தடவை வீடு என்னுடையது.

பரிசோதகர் கிரான் பக்கத்து ஆள். என்னைவிட இரண்டொரு வயது இளையவர். அதிகம் பேச மாட்டார்.

“பாருங்க சேர். ஆனா இஞ்ச ஒண்டும் கிடைக்காது,” என்றேன்.

“தெரியும் மிஸ். எண்டாலும் பாக்கோணும்தானே,” என்றார்.

பார்த்தார்கள். கிணற்றுக்கு வலை போட்டிருந்தேன். கூரைப் பீலியில் ஒரு இலை கிடையாது. பூச்சாடிகளுக்குக் கீழே தட்டே வைப்பதில்லை. மலசல கூடத்துத் தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார்கள், வாழை மரத்தின் இலைக் கக்கங்களைக்கூட விடவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. கையில் சுடுநீர்ப் போத்தலோடு, எப்போது முடியும் என்று நின்றேன். கடைசியாகக் குசினிக்குள் வந்த பரிசோதகர் பிரிட்ஜின் முன்னால் நின்றார்.

“இத இழுக்கேலாதா?”

அதை இழுத்து நான் பார்த்ததே இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளத்தில் குசினிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. அதன் பிறகு என் கணவர் சுவரோடு சேர்த்து சீமெந்தில் ஒரு படி கட்டி, பிரிட்ஜை அதன்மேல் ஏற்றி வைத்தார். நகராமல் இருக்க இரண்டு பக்கமும் சின்ன விளிம்பும் வைத்திருந்தார். அழகான வேலை. வருகிறவர்களுக்கு நானே காட்டியிருக்கிறேன். பழைய பிரிட்ஜ்களில் பின்பக்கம் கீழே ஒரு தட்டு இருக்கும், பனி உருகுகிற தண்ணீர் அதில்தான் சேரும், வாரத்துக்கொரு தரம் எடுத்து ஊற்றுங்கள் என்று எத்தனையோ குசினிகளில் சொல்லியிருக்கிறேன். சொல்லிக் கொடுக்கிற வாய்க்கும் என் வீட்டுப் பிரிட்ஜுக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர்கள் இருவரும் விளிம்புக்கு மேலால் தூக்கி, பிரிட்ஜை ஒரு பக்கமாகத் திருப்பினார்கள். டோர்ச் என் கையில்தான் இருந்தது. நானே அடித்தேன். கறுத்த பிளாஸ்டிக் தட்டில் நாலு விரல் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் மேலே நின்ற புழுக்கள் எல்லாம் ஒன்றாக உடலை வளைத்துக்கொண்டு அடிக்கு இறங்கின. பறக்கத் தயாரான கூட்டுப்புழுக்களும் நிறைய இருந்தன. தட்டின் ஓரத்தில் முட்டை ஒட்டிய கறுப்புக் கோடு. இது நேற்று முந்தாநாள் வந்ததல்ல. பல தலைமுறை அங்கே பிறந்து பறந்திருக்கிறது.

கூட வந்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் போத்தலில் புழு எடுத்தாள். பரிசோதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மிஸ், நீங்க இப்பவே ஊத்தி விடுங்க. நான் இத எழுதாம விடுறன்,” என்றார்.

அந்த நேரம் சரி என்று சொல்லிவிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் சொல்லவும் பார்த்தேன். ஆனால் குசினி யன்னலுக்கு நேரே ராத்தாவின் வீட்டுச் சுவர் தெரிந்தது.

“அடுத்த வீட்டுக்கு எழுதின மாதிரி எழுதுங்க சேர்,” என்றேன்.

அவர் எழுதினார். ஒட்டத் தயங்கினார். நான் தட்டை வளவில் கவிழ்த்து ஊற்றிக் கழுவி, கடதாசியை வாங்கிப் படலையில் ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் இருக்கும்போதுதான் மற்ற வீடுகளின் நினைவு வந்தது. அந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு பேருக்கு டெங்கு வந்திருந்தது. ஒருவர் எதிர்வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, மற்றவர் மூலை வீட்டு பேக்கரிக்காரர். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கும் என்று நான்தான் தாயிடம் சொன்னேன். பேக்கரிக்குப் பின்னால் கிடக்கிற தகரங்களைப் பற்றி ஓர் அறிக்கையே எழுதினேன். இருவரும் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களைக் கடித்தது என் தட்டில் பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த நுளம்பு நூறு யார் தூரம்கூடப் பறக்காது என்று வகுப்பு எடுத்தவளும் நான்தான்.

விடுதியில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. முகம் மலர்ந்திருந்தது. வீட்டுக்குப் போவோம் என்றார். எனக்குப் பயம் பிடித்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு தாளைக் கொடுத்து, குடிக்கிறதையும் வெளியே போகிறதையும் அளந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். மேசன் அல்லவா, சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற தட்டைப் பென்சிலால் கோடு போட்டு, சீமெந்துக்குத் தண்ணீர் அளக்கிற ஒழுங்கோடு எழுதி வைத்திருந்தார். தாதி அதை எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் காட்டி, இப்படி எழுதுங்கள் என்று சொன்னதாக என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மறைக்க முடியவில்லை. பிரிட்ஜைப் பற்றிச் சொன்னேன்.

“அந்தப் படி நான் கட்டினதெல்லோ,” என்றார்.

“பாக்காம விட்டது நான்.”

“அப்ப ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் வளத்திருக்கம்.”

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை விட்டும் பல வருடம். அவர் அதை நினைத்துச் சொன்னாரோ, சும்மாதான் சொன்னாரோ தெரியாது. எனக்கு முதலில் கண்ணில் நீர் முட்டியது, பிறகு சிரிப்பு வந்தது. அவரும் சேலைன் குழாய் ஆடச் சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தோணிக்காரர் என்ன விஷயம் என்று எட்டிக் கேட்டார். என் கணவர் அவருக்கு முழுக் கதையையும் சொன்னார். நுளம்பு மிஸ்ஸின் வீட்டில் நுளம்பு வளர்ந்த கதை பார்வையாளர் நேரம் முடிவதற்குள் விடுதி முழுக்கப் பரவிவிட்டது. நான் நினைத்த அளவுக்கு அது என்னைச் சுடவில்லை.

சனிக்கிழமை அந்தச் சிரிப்பெல்லாம் இல்லை. காலையிலேயே கை கால் குளிர்ந்து, வயிறு வலிக்கிறது என்றார். மணிக்கொரு தரம் இரத்தம் எடுத்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். குருதி தடித்துக்கொண்டு வருகிறது, நாளங்களிலிருந்து நீர் கசிகிறது என்று மருத்துவர் எனக்குச் சொன்னார். நான் யார் என்று தெரிந்ததால் சுற்றி வளைக்காமல் சொன்னார். அளந்து சேலைன் ஏற்றுவதைத் தவிர அதற்கு வேறு மருந்து கிடையாது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அன்று முழுக்க நடைபாதை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்தேன். வைத்துவிட்டு, தட்டை ஊற்ற மறந்தவளின் நேர்த்தியைச் சாமி எடுப்பாரா என்றும் நினைத்தேன். ஒரு தாதிப் பிள்ளை போகிற வாக்கில் எனக்கொரு தேத்தண்ணீர் வாங்கித் தந்துவிட்டுப் போனாள். பின்னேரம் நாலரை மணி போல மருத்துவர் வெளியே வந்து, நீர் கசிவது நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிறேன் என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். கோடு கொஞ்சம் கோணியிருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அவருக்கு உடம்பெல்லாம் சிவந்து அரிப்பு எடுத்தது. அது சுகப்படுகிற அடையாளம். பசிக்கிறது என்றார். கஞ்சி எடுத்துவர வீட்டுக்கு வந்தேன். படலையில் ராத்தா நின்றார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சிவப்புக் கடதாசியை எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டுத் திரும்பினார்.

“ரெண்டு நாளாப் பாத்திட்டு இரிக்கன். உங்கட ஊட்டயா மிஸ் இது?”

“ஓம் ராத்தா. பிரிட்ஜுக்குப் பின்னால இருந்த.”

“அவர் எப்பிடி இரிக்கார்?”

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“போன வருசம் நான் என்ன நினைச்ச தெரியுமா? எங்கட ஆக்கள்ற ஊட்டுலதான் உங்களுக்குப் புழு கண்ணுக்குத் தெரியுமாக்கும் எண்டு நினைச்ச. அதான் பேசாம விட்ட.”

நான் அப்படி யாரையும் பிரித்துப் பார்த்ததில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு, என் வீட்டை மட்டும் பார்க்காமல் விட்டவள் அதை எப்படிச் சொல்வது என்று நிறுத்திக்கொண்டேன். “உள்ள வாங்க ராத்தா, வந்து பாருங்க,” என்றேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் என் வீட்டுக்குள் வந்தார். குசினியில் பிரிட்ஜ் இன்னும் திரும்பிய நிலையிலேயே நின்றது. ராத்தா குந்தியிருந்து தட்டையும் படியையும் விளிம்பையும் ஒரு பரிசோதகரின் பொறுமையோடு பார்த்தார். எழும்பும்போது அவர் முகம் மாறியிருந்தது. அவருடைய வீட்டிலும் இதே வகைப் பிரிட்ஜ்தான், சுவரோடு ஒட்டித்தான் நிற்கிறது, மகளுக்கு ஏழு மாதம் என்றார். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கஞ்சியை அடுப்பில் சிம்மில் வைத்துவிட்டு உடனே போனோம். நானும் அவரும் சேர்ந்து இழுத்தோம். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தட்டில் தண்ணீர் இருந்தது, புழு இல்லை. இரண்டு தரம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். ராத்தா “அல்ஹம்துலில்லாஹ்” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேசைக் கால்களுக்குக் கீழே இப்போது தண்ணீருக்குப் பதிலாக வேறு ஏதோ இருந்தது. கிண்ணங்களில் உப்பும் சாம்பலும் போட்டிருந்தார். ஒரு வருடமாக அப்படித்தானாம். எறும்பு கொஞ்சம் ஏறுகிறதுதான், பரவாயில்லை என்றார்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ராத்தா அபாயா உடுத்து எனக்காகக் காத்திருந்தார். இந்த ஒழுங்கையில் யார் யார் வீட்டில் பழைய பிரிட்ஜ் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், என்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். எனக்கு அந்த வீடுகள் தெரியாதவை அல்ல. ஆனால் பன்னிரண்டு வருடமாக நான் பார்த்தது பெரும்பாலும் வளவையும் கிணற்றடியையும்தான். குசினிக்குள் போகக் கேட்டால், பிள்ளை தூங்குகிறது, ஆள் இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அன்று ராத்தா முன்னால் போனார். வாசலில் நின்று, “மிஸ்ஸுட ஊட்டயே புழு இரிந்திரிக்கி, அவட மாப்புளைக்கே டெங்கு வந்திட்டு, பிரிட்ஜ இழுங்க,” என்பார். அவ்வளவுதான். நான் ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுக்கவில்லை. எங்கள் பாதி, அவர்கள் பாதி என்று பாராமல் கதவுகள் திறந்தன.

மூன்று வீடுகளில் புழு இருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. தட்டை எடுத்து மணலில் ஊற்றி, நாரால் உரஞ்சிக் கழுவினார்கள், முட்டை ஒட்டியிருந்தால் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போகாது என்பதால். பிரிட்ஜ்களுக்குப் பின்னாலிருந்து வந்த சாமான்களை நான் இன்னும் மறக்கவில்லை. கரண்டிகள், ஓதும்போது உருட்டுகிற ஒரு தஸ்பீஹ் மணி, காய்ந்து தகடாகிப்போன பல்லி, ஒரு பாடசாலை அடையாள அட்டை. எதிர்வீட்டில், காய்ச்சல் வந்து சுகமான பிள்ளையின் தாய் நாலு வருடத்துக்கு முன் தொலைத்த ஒற்றைத் தோட்டைக் கண்டெடுத்து, யார் மேலோ வீணாகச் சந்தேகப்பட்டதைச் சொல்லி வெட்கப்பட்டாள். அவளிடம்தான் நான் என் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளையைக் கடித்தது எங்கள் வீட்டு நுளம்பாகவும் இருக்கலாம் என்றேன். அவள் தோட்டைக் காதில் போட்டுப் பார்த்துக்கொண்டே, பிள்ளை எழும்பிவிட்டாள்தானே, இனி அதைப் பேசி என்ன என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவரை வீட்டுக்கு விட்டார்கள். ஒரு கிழமை வரை கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தார், கிணற்றடி வரை நடந்தாலே களைத்துவிடுவார். தலைமயிர் கொஞ்சம் உதிர்ந்தது. கை வலு வந்ததும் முதலில் செய்த வேலை சுத்தியலையும் உளியையும் எடுத்து அந்தப் படியை உடைத்ததுதான். ஆள் விட்டு உடைப்போம் என்றேன், கேட்கவில்லை. புதிய படியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டினார். இப்போது பின்னால் ஆள் போய் வரலாம். தட்டை இழுக்கும்போது எனக்குக் குனியவும் தேவையில்லை. அதைப் பார்த்த ராத்தா தனக்கும் ஒன்று கட்டித் தரக் கேட்டார். அது முடிந்த அன்று ஒரு தட்டம் நிறையத் தேங்காய்ப் பாலில் கிண்டிய தொதல் வந்தது. என்னை அவர் மிஸ் என்று கூப்பிடுவது எப்போது நின்று தங்கச்சி ஆனது என்று எனக்கு நினைவில்லை.

அலுவலகத்தில் என் சமாசாரம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பொறுப்பான மருத்துவ அதிகாரி கூப்பிட்டபோது ஏச்சு விழும் என்றுதான் போனேன். அவர் அந்த மாதக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் இதை என் வாயால் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னேன். வழக்கமாக நான் பேசும்போது விசிறிக்கொண்டும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டும் இருப்பவர்கள் அன்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஒருத்தி கையை உயர்த்தி, “எங்கட வீட்டில பிரிட்ஜ் இல்ல மிஸ், அப்ப நான் எத இழுக்கிற?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய வீட்டுக்கு அடுத்த நாளே போய்ப் பார்த்தேன். துப்புரவாக இருந்தது.

அந்தப் பருவத்தில் எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பிறகு புதிதாக யாருக்கும் டெங்கு வரவில்லை. பிரிட்ஜை இழுத்ததால்தான் என்று நான் அறிக்கையில் எழுதவில்லை. வெயிலும் ஏறிவிட்டிருந்தது.

எனக்கு இன்னும் ஒரு கடமை பாக்கியிருந்தது. மாசி பிற்பகுதியில் என் கணவர் திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், லீவு போட்டுவிட்டு நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டேன். அந்த வயல்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருடைய வளவில்தான் நோய் பிறந்தது என்று சொல்லி, உத்தியோகத்தர்களை அனுப்பியது நான். பாலத்தில் ஏறியபோது வாவி தகடு போல் கிடந்தது. அக்கரை ஏறியதும் காற்றில் வைக்கோல் மணம். வயல் வட்டை முழுக்க வேளாண்மை வெட்டு நடந்தது. இயந்திரங்கள் போன தடத்தின் பின்னால் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன.

வயல்காரர் தலையில் துவாயோடு வயலிலிருந்து வந்தார். நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்லி முடித்தேன். அவர் என்னைவிடக் கூச்சப்பட்டார்.

“அதுக்கென்ன. வந்து பாத்திட்டு நல்லா வச்சிரிக்கிறீங்க எண்டு சொல்லிட்டுத்தான் போனவங்க. ஊருக்குள்ள எனக்கு அது ஒரு பேர்தானே,” என்றார்.

பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டு, மேசன் தம்பியின் வீட்டுக்காரி வந்திருக்கிறா, சாப்பாடு போடு என்றார். புதுநெல் குத்திய அரிசியில் சோறு, வாவி இறால் போட்ட கத்தரிக்காய்க் கறி, மாங்காய்ச் சம்பல். காய்ச்சலுக்குப் பிறகு எதைத் தின்றாலும் வாய் கைக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அன்று பேசாமல் சாப்பிட்டார். சோற்றுக் கோப்பை வெறுமையானதும் அந்த அம்மா அகப்பையோடு வந்தார். என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சுவர் கட்டப் போனார். நான் அந்த அம்மாவோடு அடுக்களையில் இருந்து பின்னேரம் வரை கதைத்துக்கொண்டிருந்தேன்.